கடல் தாண்டாத மந்தி

இராமேஸ்வரம் தீவில் வாழ்பவர்க்குக் குரங்கைப் பற்றி எவரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன். கடலைத் தாண்டிய அனுமனின் கதையும், கல் சுமந்து அணை கட்டிய வானரங்களின் கதையும் இம்மண்ணின் காற்றோடு கலந்தவை. எச்சமயத்தைச் சார்ந்த பிள்ளையாயினும் இக்கரையில் பிறந்த பிள்ளை அக்கதைகளைக் கேட்டே வளர்கிறது. என் பங்கின் மீனவச் சிறுவர்கள் திருமுழுக்குப் பெற்றவர்கள். எனினும் தனுஷ்கோடி மணலில் நின்று, "இங்கிருந்துதான் அதுக கல்லைப் போட்டுச்சு" என்று வெளியூர் விருந்தினருக்கு விரல் நீட்டிக் காட்டுவதில் அவர்களுக்கு உள்ள பெருமையை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

ஆயினும், நான் நன்கறிந்திருக்க வேண்டிய ஒரு குரங்கினத்தை ஐம்பது வயதைக் கடந்த பின்னரே முதன்முதலாகப் பார்த்தேன். அறிந்திருக்க வேண்டிய இனம் என்றேன். காரணம், கருங்குரங்கின் பெயரால் விற்ற மருந்தைச் சிறுவயதில் உண்டு வளர்ந்தவன் நான்.

எனக்கு அப்போது ஆறு வயதிருக்கும். ஐப்பசி மழை தொடங்கியதும் இளைப்பு என்னைப் பிடித்துக்கொள்ளும். படுத்தால் மூச்சுத் திணறும் என்பதால், என் தாய் சுவரில் சாய்ந்தமர்ந்து, என்னைத் தோளில் கிடத்தியபடி இரவைக் கழிப்பார். அவ்வாண்டுத் திருவிழாக் கடைவீதியில் ஒருவர் தகர டப்பாக்களை அடுக்கிவைத்து, நடுவே கறுத்த மண்டையோடு ஒன்றையும் வைத்துக்கொண்டு, கருங்குரங்கு லேகியம் விற்றார். கருவாடு விற்ற காசில் என் தாய் ஒரு டப்பா வாங்கினார். வெல்லமும் கிராம்பும் மணக்கும் அக்கரிய லேகியத்தை நெல்லிக்காய் அளவு உருட்டி, நாற்பத்தெட்டு நாள் எனக்குக் கொடுத்தார். இளைப்பு அவ்வாண்டு விடவில்லை. பிள்ளைகள் பலருக்கு நேர்வதுபோல், வளர வளரத் தானே விட்டது. என் தாயோ தம் இறுதி நாள்வரை, "உன்னைக் காப்பாத்துனது அந்த லேகியம்தான்" என்று சொல்லிவந்தார்.

அம்மருந்தில் உண்மையிலேயே குரங்கு இருந்ததா, வெறும் வெல்லப்பாகுதானா என்பதை விற்றவரே அறிவார். ஆனால் அந்நம்பிக்கையின் பொருட்டு மேற்குத் தொடர்ச்சி மலையில் உயிர்விட்டவை எண்ணற்றவை. இம்மலைகளில் கறுத்த குரங்கினம் இரண்டு உண்டு. ஒன்று, நீண்ட வாலும் இலைதின்னும் வயிறும் உடைய நீலகிரிக் கருமந்தி. மற்றொன்று, முகத்தைச் சுற்றி நரைத்த பிடரியும், நுனியில் குஞ்சம் வைத்த குட்டை வாலும் கொண்ட சோலைமந்தி. சிங்கவால் குரங்கு என்பதும் இதுவே. லேகியத்துக்காகத் தேடப்பட்டது கருமந்தி. துப்பாக்கியின் முன்னே கறுத்த உடல் ஒன்றுபோலவே தெரிந்ததால், சோலைமந்தியும் அதனோடு சேர்ந்து மடிந்தது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இரண்டையும் காப்புக்குள் கொண்டுவந்த பின்னரும், நெடுநாள் இவ்வேட்டை மறைவாக நடந்தது.

இதையெல்லாம் நான் படித்தறிந்தது அண்மையில்தான். பங்கின் இளைஞர் வாசிப்பு வட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையைப் பற்றிப் பேச்சு வந்தபோது, என் லேகியக் கதையைச் சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள். ஒரு பெண் மட்டும், "ஃபாதர், அந்தக் குரங்கை நீங்க பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததே வால்பாறைப் பயணம்.

பெயர் மாறிய கதை

புறப்படுமுன் சில வாரங்கள் கிடைத்த நூல்களைப் புரட்டினேன். அவற்றில் முதலில் என்னை ஈர்த்தது, நம் கடற்கரையைத் தொட்டுச் செல்லும் ஒரு பிழையின் வரலாறு.

இராபர்ட் நாக்ஸ் என்னும் ஆங்கிலேயக் கடலோடி 1660இல் கண்டி மன்னரின் ஆட்களிடம் பிடிபட்டு, பத்தொன்பது ஆண்டுகள் இலங்கையில் சிறைவாழ்வு வாழ்ந்து, 1679இல் தப்பினார். 1681இல் அவர் வெளியிட்ட நூலில், கரிய முகமும் காதுக்குக் காது வெண்தாடியும் உடைய குரங்கு ஒன்றைக் குறிப்பிட்டு, அந்நாட்டார் அதனை வழங்கும் பெயரையும் எழுதினார். சிங்களத்தில் 'வந்துரா' என்னும் சொல்லே அது. நாக்ஸ் கண்டது இலங்கைக் காட்டின் இலைதின்னும் குரங்கு. அடுத்த நூற்றாண்டில் பிரெஞ்சு இயற்கை அறிஞர் புஃபோன், தாடியும் பிடரியும் உடைய வேறொரு கரிய குரங்குக்கு 'ஒவாண்டெரு' என அப்பெயரையே சூட்டிவிட்டார். அந்த வேறொரு குரங்குதான் நம் மலைகளின் சோலைமந்தி. விளைவு, இலங்கையில் ஒருநாளும் வாழ்ந்திராத ஓர் உயிர் ஐரோப்பிய நூல்களில் இலங்கைக் குரங்காகப் பலகாலம் வலம்வந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இலங்கையில் அரசுச் செயலராக இருந்த எமர்சன் டென்னன்ட் போன்றோர் இப்பிழையைச் சுட்டிக்காட்ட வேண்டியதாயிற்று. சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1758இல் இதற்கு வைத்த அறிவியல் பெயரோ 'சைலீனஸ்'. கிரேக்கப் புராணத்தில் காட்டில் திரியும் தாடிக் கிழவனின் பெயர் அது.

பாக் நீரிணையின் கரையில் வாழும் எனக்கு இது வியப்பூட்டியது. ஏனெனில், நமக்கும் இலங்கைக்கும் இடையே குரங்குகள் கடல் கடந்த கதை புராணத்தில் மட்டும் இருப்பதன்று, உயிரியலிலும் உண்டு. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகின் நீர் பெருமளவு பனியாக உறைந்திருந்த காலத்தில், கடல்மட்டம் இன்றைக்கு 120 மீட்டர் அளவு தாழ்ந்திருந்தது. ஆழமற்ற பாக் நீரிணை அப்போது நிலமாக இருந்தது. அதற்கு முன்னும் பலமுறை அவ்வாறு இருந்திருக்கிறது. அந்நிலத்தின் வழியே விலங்குகள் கால் நனையாமல் நடந்தன. நம் ஊர்களில் காணும் நாட்டுக்குரங்கின் நெருங்கிய உறவு, இலங்கையில் தலையில் தொப்பி வைத்தாற்போன்ற செங்குரங்கு. நீலகிரிக் கருமந்தியின் உறவு, நாக்ஸ் கண்ட அந்த வெண்தாடிக் குரங்கு. சாம்பல் நிற மந்தியும் தேவாங்கும் இருகரையிலும் உள்ளன. ஆனால் சோலைமந்தி மட்டும் இலங்கையில் இல்லை. அதன் கிளைக்குரிய உறவினர் தென்கிழக்கு ஆசியாவிலும் சுலாவெசித் தீவிலும் உள்ளனர். உலகில் அது வாழும் இடம் தமிழகம், கேரளம், கர்நாடகம் ஆகிய மூன்று மாநிலங்களின் மலைச்சோலை மட்டுமே. உண்மையில் கடலைத் தாண்டாத அக்குரங்கை, நூல்கள் தாண்டவைத்தன.

ஐரோப்பியரைக் குறைசொல்லி அமைவதற்கில்லை. நம் முன்னோர் கூர்ந்து பார்த்தவர்கள். தொல்காப்பிய மரபியல் குரங்கு, முசு, ஊகம் என இனம் பிரித்துச் சொல்லி, மூன்றின் பெண்ணும் மந்தி எனப்படும் என்கிறது. ஊகம் என்பதற்குக் கருங்குரங்கு என அகராதிகள் பொருள் தரும். குறுந்தொகையின் 69ஆம் பாடலில், துணையை இழந்த மந்தி ஒன்று, இன்னும் மரமேறப் பழகாத தன் குட்டியைச் சுற்றத்திடம் ஒப்படைத்துவிட்டு மலையினின்று பாய்ந்து உயிர்விடுகிறது. குட்டியைச் சுற்றத்திடம் விட வேண்டும் என்று எண்ணிய அப்புலவர், குரங்குக் கூட்டத்தை நெடுநேரம் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும். அவ்வளவு சொற்களை வைத்திருந்த மொழியில், என் பிள்ளைப் பருவத்தில் எஞ்சியிருந்தது 'கருங்குரங்கு லேகியம்' என்னும் ஒன்றே.

மலையேறியவர்கள்

சென்ற தை மாதத்தில், பொங்கல் முடிந்த மறுவாரம், பதினொரு பேர் ஒரு வேனில் புறப்பட்டோம். இளைஞர் எழுவர், உபதேசியாரும் அவர் மனைவியும், நான், எங்களோடு ஒரு பெரியவர். அப்பெரியவர் தோட்டத் தொழிலாளியாக வால்பாறையில் உழைத்து ஓய்வுபெற்றவர். தீவில் மணமுடித்த மகளோடு இப்போது வாழ்கிறார். "நான் பொறந்த எடத்தை ஒருக்கா பார்த்துட்டு வந்துர்றேன் சாமி" என்று தாமே கேட்டுச் சேர்ந்துகொண்டார்.

பாம்பன் பாலம் கடந்து, பரமக்குடி, மதுரை, பழனி வழியாகப் பொள்ளாச்சியை அடைந்தபோது மாலையாகிவிட்டது. ஆழியாறு அணையைத் தாண்டியதும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குகின்றன. ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை உண்டு. கடலன்றி வேறு உயரம் அறியாத எங்கள் இளைஞர்கள் முதலில் உரக்க எண்ணினார்கள். பதினைந்துக்குமேல் எண்ணும் குரல் அடங்கியது. இருபதில் வண்டியை நிறுத்த வேண்டியதாயிற்று. பெரியவர் மட்டும் அசையாமல் சன்னலோரம் அமர்ந்திருந்தார்.

மேலே ஏறியதும் கண்ணுக்கு எட்டியவரை தேயிலை. சீப்பால் வாரியதுபோல் குன்று குன்றாகப் படர்ந்த அப்பசுமையைக் கண்டு பிள்ளைகள், "எவ்வளவு அழகான காடு!" என்றார்கள். பெரியவர் திரும்பிப் பார்த்தார். "இது காடு இல்லப்பா. காடு இருந்த எடம்" என்றார்.

ஆனைமலையின் இப்பீடபூமி ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. 1890களில் தொடங்கி, சில பத்தாண்டுகளில் இங்கிருந்த மழைக்காடு வெட்டப்பட்டுக் காப்பியும் தேயிலையுமாயிற்று. வெட்டக் கடினமான சரிவுகளிலும் ஓடைக்கரைகளிலும் எஞ்சிய சோலைகள், நாற்பதுக்கும் மேற்பட்ட துண்டுகளாகத் தேயிலைக் கடலில் தீவுகள்போல் நிற்கின்றன. நிலம் ஆங்கிலேயத் தோட்ட முதலாளிகளுடையது. கோடரி பிடித்த கை யாருடையது? அது நம்முடையது. மழை பொய்த்த இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கங்காணிகள் முன்பணம் கொடுத்து அழைத்துச் சென்ற எளிய மக்களின் கை.

பெரியவரின் பாட்டனார் முதுகுளத்தூருக்குக் கிழக்கே ஒரு கரிசல் கிராமத்தவர். பஞ்சத்தில் கங்காணியிடம் கைநீட்டி வாங்கிய தொகைக்காக மனைவியோடு மலையேறினார். அட்டைக்கடியும் குளிர்காய்ச்சலும் பொறுத்து மரம் வெட்டினார். வாங்கிய முன்பணம் கழிவதற்குள் மூன்று பிள்ளைகளைப் புதைத்தார். "ஊருக்குத் திரும்பலாம்னு எங்க தாத்தா வருசா வருசம் சொல்லிக்கிட்டே இருந்தாராம் சாமி. கணக்கு முடிஞ்சாத்தானே?" என்று பெரியவர் அன்றிரவு தங்கும் விடுதியில் சொன்னபோது, எங்கள் இளைஞர்கள் கைபேசியை ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டார்கள்.

இம்மக்களின் துயரத்தை உலகறியச் செய்தவர் ஒரு மருத்துவர். பி. எச். டேனியல் என்பவர் ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றி, முதிய தொழிலாளர்களிடம் அமர்ந்து கேட்டறிந்தவற்றை ஆங்கிலத்தில் நாவலாக எழுதி 1969இல் வெளியிட்டார். இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் அது 'எரியும் பனிக்காடு' என்னும் பெயரில் தமிழுக்கு வந்தது. மருந்து கொடுத்து அனுப்பியதோடு தம் கடமை முடிந்தது என்று அவர் எண்ணியிருந்தால், அம்மக்கள் தோட்டக் கணக்குப் புத்தகத்தில் வெறும் எண்களாகவே மறைந்திருப்பார்கள். அவர் அவர்களைப் பார்த்தார். ஆகவே நாமும் பார்க்கிறோம்.

அமர்ந்து பார்த்தவர்கள்

குரங்குக்கும் அத்தகையோர் வாய்த்தனர். 1970களின் தொடக்கத்தில் சோலைமந்தியின் வாழ்வைப் பற்றி அறிவியல் அறிந்தது மிகச் சொற்பம். விலங்குக்காட்சி சாலைகளில் அது நெடுங்காலமாகக் கூண்டில் இருந்தது. காட்டில் அது என்ன உண்ணும், எத்தனை பேராக வாழும், எவ்வளவு காடு வேண்டும் என்பவற்றைக் கண்டு எழுதியவர் அரியர். ஸ்டீவன் கிரீன், கேரன் மின்கோவ்ஸ்கி என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1973 முதல் 1975 வரை நம் நெல்லை மாவட்டக் களக்காட்டு மலையில் தங்கி, இக்குரங்குக் கூட்டங்களைப் பின்தொடர்ந்தார்கள். ஆயிரத்துக்கும் குறைவாகவே எஞ்சியுள்ளன என்னும் அச்சம் அப்போது எழுந்தது. 1976இல் தமிழக அரசு களக்காட்டைச் சோலைமந்திக்கான சரணாலயமாக அறிவித்தது. பின்னர் 1988இல் அது முண்டந்துறையோடு இணைந்து புலிகள் காப்பகமாயிற்று.

அதே காலத்தில் கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் குந்திப்புழைக்குக் குறுக்கே மின்சார அணை கட்டும் திட்டம் எழுந்தது. ஆசிரியர்கள், கவிஞர்கள், அறிவியலார் கூடி எதிர்த்த அப்போராட்டத்தின் முகமாக அமைந்தது இந்தக் குரங்கின் முகமே. 'ஒரு குரங்குக்காக மின்சாரத்தை இழப்பதா?' என்று ஏளனம் செய்தவர்களும் உண்டு. 1983இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984இல் அவ்விடம் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

தொடர்ந்து அஜித் குமார், மேவா சிங் முதலிய இந்திய அறிஞர்கள் ஆனைமலையிலும் பிற மலைகளிலும் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்கள். அவர்கள் கண்டவை எளிய செய்திகள்தாம். ஆனால் அவற்றின் பொருள் கனமானது. இக்குரங்கு மரக்கிளைகளிலேயே வாழ்வைக் கழிப்பது. தரைக்கு இறங்குவதை விரும்பாதது. பெரும்பாலும் ஒரே ஒரு முதிர்ந்த ஆண், பல பெண்கள், குட்டிகள் எனப் பத்து இருபது பேர் கொண்ட குடும்பமாக வாழ்வது. ஒரு பேற்றில் ஒரு குட்டிதான். அடுத்த பேற்றுக்கு இரண்டரை ஆண்டுக்கும் மேலாகும். முள் நிறைந்த வெடிப்பலாக் காயும் பூவும், அத்திப்பழமும், பூச்சிகளும் அதன் உணவு. இத்தகைய உயிருக்குக் கிளையோடு கிளை கோத்த காடு இல்லையேல் வழியே இல்லை. இழப்பை விரைந்து ஈடுசெய்யவும் அதற்கு இயலாது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் 2020ஆம் ஆண்டு மதிப்பீட்டில், இன்று எஞ்சியுள்ள முதிர்ந்த சோலைமந்திகள் 2500 அளவே.

தையின் ஒரு காலை

மறுநாள் ஆறரை மணிக்கு, வால்பாறைக்கு அருகே புதுத்தோட்டம் என்னும் இடத்தில் வழிகாட்டி எங்களைச் சந்தித்தார். தோட்டத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த இளைஞர். ஏறத்தாழ 90 ஹெக்டேர் பரப்புள்ள துண்டுச்சோலை அது. நடுவே பொள்ளாச்சிச் சாலை செல்கிறது. பேசக்கூடாது, கை நீட்டக்கூடாது, பளிச்சிடும் விளக்கோடு படமெடுக்கக்கூடாது, எதுவும் கொடுக்கக்கூடாது என்று எச்சரித்து முன்னே நடந்தார்.

அரைமணி நேரம் எதுவும் தெரியவில்லை. பனி மட்டும் இலைகளிலிருந்து சொட்டியது. பிறகு வழிகாட்டி நின்று, தலையை மெல்ல உயர்த்தினார். அத்திமரத்தின் உச்சிக் கிளையில் ஒரு நரைத்த முகம் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. நாங்கள் அதைப் பார்க்குமுன்னரே அது எங்களைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. சற்று நேரத்தில் கிளைகள் அசைந்தன. ஒன்று, மூன்று, ஏழு என உருவங்கள் தெளிந்தன. ஒரு மந்தி சுருண்ட காய்ந்த இலைகளை ஒவ்வொன்றாகப் பறித்து, விரித்து, உள்ளே புழு உண்டா என்று பார்த்துப்பார்த்துப் போட்டது. அதன் வயிற்றைக் கட்டிக்கொண்டிருந்த குட்டி ஒரு கையை நீட்டி, தாய் போட்ட இலையைத் தானும் விரித்துப் பார்த்தது. எங்களில் எவரும் மூச்சுவிடவில்லை.

அப்போதுதான் உபதேசியாரின் மனைவி தம் பையிலிருந்து வாழைப்பழச் சீப்பை எடுத்தார். பொள்ளாச்சியில் அவர் ஆசையோடு வாங்கியது. கோயில் வாசலில் குரங்குக்குப் பழம் கொடுக்கும் ஊரில் வாழ்பவர். அவருக்குத் தோன்றியது இரக்கமே. வழிகாட்டி அருகில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்:

"வேண்டாம்மா. இன்னைக்கு நீங்க குடுக்குற பழம் நாளைக்கு இதை ரோட்டுக்கு இறக்கிரும். ரோட்டுல லாரி வரும்."

அவர் முகம் வாடிப்போனார். பழத்தை மீண்டும் பையில் வைத்துக்கொண்டு, "அன்பாத்தானே குடுக்க வந்தேன்" என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். அச்சொல் என்னை எங்கேயோ இழுத்துச் சென்றது. கருவாடு விற்ற காசை எண்ணிக் கொடுத்துத் தகர டப்பாவை வாங்கிய இன்னொரு பெண்ணும் அன்பாகத்தானே கொடுத்தார்? என் தாயின் அன்பில் குறையில்லை. ஆனால் அவர் கையிலிருந்த டப்பாவின் மறுமுனையில் ஒரு குட்டி தாயை இழந்திருக்கக்கூடும் என்பதை அவருக்கு எவரும் காட்டவில்லை. அன்பு உள்ளவர்கள் செய்த தீங்கும் வரலாற்றில் உண்டு. அது அவர்கள் பாராததால் விளைந்த தீங்கு.

சாலைக்கு வந்தபோது, மேலே மரத்துக்கு மரம் கட்டிய தொங்குபாலம் ஒன்றைக் கண்டோம். சாலையால் கிளைத்தொடர் அறுந்ததால் தரையிறங்கிக் கடந்த குரங்குகள் வண்டிகளில் அடிபட்டு இறந்தன. இதைக் கண்ட இயற்கைப் பாதுகாப்புக் கழகத்தினரும் வனத்துறையினரும் இத்தகைய பாலங்களை அமைத்தனர். குரங்குகள் கடக்கும் வேளையில் வண்டிகளை நிறுத்தச் சாலைக் காவலர்களும் உள்ளனர். அக்கழகத்தின் திவ்யா முத்தப்பா, சங்கர் ராமன் முதலானோர் 2000ஆம் ஆண்டையொட்டித் தொடங்கி, தோட்ட நிறுவனங்களின் இசைவோடு, சிதைந்த சோலைகளில் நூற்றுக்கு மேற்பட்ட வகை மண்ணின் மரங்களை நட்டுவருகிறார்கள். நட்ட கைகளுள் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தாரின் கைகளும் உண்டு.

நாங்கள் பார்த்திருக்கையிலேயே ஓர் இளங்குரங்கு அப்பாலத்தின்மேல் நாலுகாலில் நடந்து மறுபக்கம் சேர்ந்தது. பெரியவர் அண்ணாந்து பார்த்துச் சிரித்தார்.

"அன்னைக்கு நம்ம ஊர்ல அதுக பாலம் கட்டுச்சு. இங்க நாம அதுகளுக்குக் கட்டுறோம். கணக்கு நேராகுது சாமி."

பிறகு சிரிப்பு அடங்க, "எங்க தாத்தா வெட்டுன கணக்குந்தான்" என்றார்.

ஒரு மணி நேரப் பார்வை

ஆப்பிரிக்காவின் ருவாண்டாவிலும் உகாண்டாவிலும் மலைக்கொரில்லாக்களைக் காண உலகின் செல்வர்கள் செல்கிறார்கள் என்பதை வாசகர் கேள்விப்பட்டிருக்கலாம். ருவாண்டாவில் 2017ஆம் ஆண்டு முதல் அயல்நாட்டவர்க்கு அனுமதிக் கட்டணம் 1500 டாலர். அதைக் கட்டியவர்க்கும் கொரில்லாவின் முன் ஒரு மணி நேரமே நிற்க உரிமை. சளி, காய்ச்சல் உள்ளவருக்கு அனுமதி இல்லை. மனிதனின் நோய் கொரில்லாவைக் கொல்லும். 1967இல் அங்கே ஆய்வு நிலையம் அமைத்து, கொரில்லாக்களிடையே ஆண்டுக்கணக்கில் அமர்ந்து பார்த்த டயன் ஃபாஸி 1985இல் கொலையுண்டார். அவரைப் போன்றோரின் உழைப்பாலும், இக்கட்டுப்பாடான பார்வையாலும், அழிவின் விளிம்பில் இருந்த அவ்வினம் இன்று ஆயிரத்தைக் கடந்திருக்கிறது.

ஆனால் அக்கதைக்கும் மறுபக்கம் உண்டு. உகாண்டாவின் புவிண்டிக் காடு 1991இல் தேசியப் பூங்காவானபோது, தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்த பட்வா மக்கள் வெளியேற்றப்பட்டனர். கொரில்லா காணப்பட்டது, பக்கத்தில் நின்ற மனிதன் காணப்படவில்லை. நம் ஆனைமலையிலும் காடர் என்னும் பழங்குடியினர் தேயிலைக்கு முன்பே வாழ்ந்தவர்கள். காட்டை வெட்டியபோதும் அவர்களைக் கேட்கவில்லை. காட்டைக் காக்கப் புறப்பட்டபோதும் முதலில் அவர்களைக் கேட்கவில்லை. ஓர் உயிரைப் பார்க்கத் தொடங்கிய கண், அதன் அருகில் உள்ளவரைப் பாராது நின்றுவிடலாகாது.

குருமடத்தில் இறையியல் பயின்றபோது, படைப்பில் ஏன் இத்தனை வகை என்னும் வினாவுக்குப் புனித தோமா அக்குவினாஸ் தந்த விடையை மனப்பாடம் செய்திருந்தேன். இறைவனின் நன்மையை ஒரே படைப்பு முழுமையாகக் காட்ட இயலாது. ஒன்றில் குறைவதை மற்றொன்று நிறைவு செய்யவே பல்வேறு உயிர்களைப் படைத்தார் என்பது அதன் சாரம். தேர்வில் அதற்கு நல்ல மதிப்பெண் பெற்றேன். அதன் பொருள் எனக்குப் புலப்பட்டது, தாய் போட்ட இலையை ஒரு குட்டி தானும் விரித்துப் பார்த்த அந்தக் காலையில்தான்.

திரும்பும் வழியில் பெரியவர் தாம் பிறந்த லயன் வீட்டைத் தேடினார். அவ்வரிசை இடிக்கப்பட்டு வெற்றிடமாக இருந்தது. அதன் ஓரத்தில் இருந்த பழைய கல்லறைத் தோட்டத்தில் பெயர் பொறித்த கல் எதுவும் இல்லை. அவர் ஓரிடத்தில் முழந்தாளிட்டார். நாங்களும் உடன் நின்று செபித்தோம். மூன்று பிள்ளைகளை அங்கே புதைத்தவருக்காகவும், அவர் வெட்டிய காட்டில் வீடிழந்தவற்றுக்காகவும் நான் மனத்துள் சேர்த்துச் சொன்னேன். வேறு எவ்வாறு பிரித்துச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது உபதேசியாரின் மனைவி பழச் சீப்பை எடுத்து எங்களுக்கே பங்கிட்டார். தோலை ஒருவரும் சன்னலுக்கு வெளியே எறியவில்லை. அவர் ஒரு பையில் சேர்த்து, பாம்பன் பாலம் கடக்கும்வரை மடியிலேயே வைத்திருந்தார்.